‘சிங்க் ஆயிடுச்சு’ என்றால் சரியாக என்ன ஆயிற்று?

போன வருடம் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு காலண்டர் ஃபைல் வந்தது. தேர்வு, விடுமுறை, பெற்றோர் சந்திப்பு என்று வருடம் முழுவதுக்குமான தேதிகள் அதில் இருந்தன. தட்டினேன், ‘சேர்க்கட்டுமா?’ என்று ஃபோன் கேட்டது, சரி என்றேன். “ஸ்கூல் காலண்டர் சிங்க் ஆயிடுச்சு” என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு அதோடு மறந்தும் போனேன். நவம்பரில் மழை விடுமுறை வந்ததால் பெற்றோர் சந்திப்பு அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. என் ஃபோன் மட்டும் பழைய தேதியிலேயே நின்றது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நானும் மகளும் நின்றதையும், வாட்ச்மேன் எங்களைப் பார்த்த பார்வையையும் இன்னும் மறக்கவில்லை.

பள்ளி தன் காலண்டரில் தேதியை மாற்றித்தான் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு நகல். அதைப் போய் ‘சிங்க்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து வேலைகளை ‘சிங்க்’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்கு ஒன்று என்று காலண்டர்கள் பெருகும்போது, பையை அவிழ்த்துப் பார்க்காமல் சமாளிக்க முடியாது.

காலண்டர் வேறு, காலண்டர் ஆப் வேறு

ஜிபே ஆப்பில் இரண்டு வங்கிக் கணக்குகளை இணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் இருப்பையும் அந்த ஒரே ஆப்பில் பார்க்கலாம். அதற்காக இரண்டு வங்கியின் பணமும் ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. பணம் அந்தந்த வங்கியில் இருக்கிறது. ஆப்பை அழித்தாலும் அது பத்திரம்.

காலண்டரும் அப்படித்தான். ஃபோனில் திறக்கும் ஆப் வெறும் ஜன்னல். கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் என்று எங்கே உங்களுக்கு லாகின் இருக்கிறதோ, அது கணக்கு. ஒரு கணக்குக்குள் எத்தனை காலண்டர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ‘செவ்வாய் 4 மணி, பல் டாக்டர்’ என்று நீங்கள் போடும் ஒவ்வொரு பதிவும் ஒரு நிகழ்வு. ஒவ்வொரு நிகழ்வும் ஏதோ ஒரு காலண்டருக்குச் சொந்தமானது. திரையில் எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரிவதால் இந்தச் சொந்தம் கண்ணில் படுவதில்லை. நிறம்தான் அதற்கு அடையாளம். நீலம் ஆபீஸ், பச்சை வீடு என்று நிறம் வைப்பது அழகுக்காக என்று நினைத்தால், எந்தப் பணம் எந்த வங்கியில் என்று தெரியாமல் செலவு செய்கிற கதையாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிதாக ஒரு நிகழ்வைப் போடும்போது எந்தக் காலண்டரில் என்று நீங்கள் சொல்லாவிட்டால், ஆப் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதுதான் இயல்புநிலைக் காலண்டர். ஆபீஸ் கணக்கை ஃபோனில் சேர்த்தபின் பலருக்குத் தெரியாமலேயே அது ஆபீஸ் காலண்டராகிவிடுகிறது. நண்பர் ஒருவர் அவசரத்தில் ‘பைல்ஸ் டாக்டர், மாலை 6’ என்று போட்டார். மறுநாள் காலை டீம் முழுக்க அவரிடம் தனி அன்போடு நடந்துகொண்டது. ஏன் என்று அவருக்குப் புரிய மத்தியானம் ஆயிற்று.

இன்னொரு வகையும் உண்டு. சில ஃபோன்களில் எந்தக் கணக்கோடும் சேராமல் ஃபோனுக்குள்ளேயே இருக்கும் காலண்டர் ஒன்று இருக்கும். அது உண்டியல் பணம் மாதிரி. ஃபோன் தொலைந்தால் அதுவும் போயிற்று. புது ஃபோன் வாங்கியதும் பாதி நிகழ்வுகளைக் காணோம் என்று தேடுபவர்கள், பழைய ஃபோனில் அவை எந்தக் காலண்டரில் இருந்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆப் ஜன்னல், கணக்கு வங்கி, நிகழ்வுக்கு ஒரே ஒரு வீடு. இனி அந்த வீட்டிலிருந்து தகவல் எப்படி வெளியே போகிறது என்று பார்ப்போம்.

பைக்குள் என்னென்ன இருக்கின்றன

முதலில் இறக்குமதி. இது ஜெராக்ஸ். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்திருக்கிறீர்கள். அதன்பின் அசலில் குழந்தையின் பெயரைச் சேர்த்தால் ஜெராக்ஸில் அந்தப் பெயர் தானாக வந்துவிடாது. பள்ளி விஷயத்தில் நான் செய்தது இதைத்தான். வந்த ஃபைலைத் தட்டிச் சேர்த்தால் அது இறக்குமதி. அந்த நொடியோடு அசலுக்கும் நகலுக்கும் உறவு முடிந்தது. மாறவே மாறாத தேதிகளுக்கு இது போதும். பள்ளித் தேதிகளுக்குப் போதாது.

அடுத்தது சந்தா. இது நோட்டீஸ் போர்டு. நீங்கள் போய்ப் பார்க்கலாம், எழுத முடியாது. எழுதியவர் மாற்றினால் அடுத்த முறை பார்க்கும்போது உங்களுக்கும் மாறித் தெரியும். அரசு விடுமுறை, கிரிக்கெட் அட்டவணை போன்றவை இப்படித்தான் வருகின்றன. ஃபைலுக்குப் பதிலாக ஓர் இணைய முகவரி தருவார்கள், அதை ‘முகவரி மூலம் சேர்’ என்ற இடத்தில் ஒட்ட வேண்டும். உங்கள் ஆப் அந்தப் போர்டை அவ்வப்போதுதான் எட்டிப் பார்க்கும், நொடிக்கு நொடி பார்க்காது. மாற்றம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம், சிலவற்றில் அரை நாள்கூட ஆகும். அதனால் ‘இன்று மதியம் 2 மணிக்கு மாற்றியிருக்கிறோம்’ என்கிற அவசர அறிவிப்புக்குச் சந்தாவை நம்பக் கூடாது.

மூன்றாவது பகிர்வு. இது டூப்ளிகேட் சாவி. உங்கள் காலண்டரையே இன்னொருவரும் திறக்கிறார். எந்த அறை வரை போகலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கூகுள் காலண்டரில் இதற்கு நான்கு படிகள் உண்டு. நீங்கள் ஓய்வா, வேலையா என்பது மட்டும் தெரிவது முதல் படி, விவரமும் தெரிவது இரண்டாவது. மூன்றாவதில் நிகழ்வுகளை மாற்றலாம், நான்காவதில் வேறொருவருக்குச் சாவி கொடுக்கவும் முடியும். கணவன் மனைவிக்குள் மூன்றாவது படியாவது வேண்டும். முதல் படியோடு நிறுத்திவிட்டு, “நீ ஏன் மாத்தல?” என்று சண்டை போடுவதில் நியாயமில்லை.

நான்காவது அழைப்பு. கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஆனால் முகூர்த்தம் மாறினால் ஏற்கெனவே கொடுத்த பத்திரிகையிலும் தேதி தானாக மாறிவிடும் பத்திரிகை. முழுக் காலண்டரையும் காட்டாமல், ஒரே ஒரு நிகழ்வை மட்டும் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் ‘வருகிறேன்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் சொல்வார், அது உங்களிடம் வந்து சேரும். இதை ஆபீஸ் மீட்டிங்குக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடுகிறோம். வீட்டுக்கும் இதைவிட வசதியான கருவி இல்லை என்பேன், காரணம் கீழே வருகிறது.

கடைசியாகத்தான் உண்மையான சிங்க், அதாவது ஒத்திசைவு. பால்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும், நம் வீட்டுச் சுவரில் காலண்டர் தாளில் பேனாக் கோடு இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டு, 14ஆம் தேதி அரை லிட்டர் கூடுதலாக வாங்கினோமா இல்லையா என்று சரிபார்ப்போம். ஒத்திசைவும் இதே வேலைதான். ஒரே காலண்டரின் பிரதி உங்கள் ஃபோனிலும் இருக்கிறது, கூகுள் மாதிரி காலண்டர் தரும் நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. ‘போன தடவை பார்த்த பிறகு என்னென்ன மாறியது?’ என்று ஃபோன் கேட்கும். மாறியதை மட்டும் சர்வர் அனுப்பும். ஃபோனில் நீங்கள் மாற்றியதும் அங்கே போகும். இந்தப் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கும். சந்தாவில் ஒரு பக்கம் மட்டும், இறக்குமதியில் அதுவும் ஒரே தடவைதான்.

ஆக, யாராவது ‘சிங்க் பண்ணிட்டேன்’ என்றால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. அங்கே மாற்றினால் இங்கே மாறுமா? இங்கே மாற்றினால் அங்கே மாறுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது ஒத்திசைவு, அல்லது மாற்றும் உரிமையோடு கிடைத்த பகிர்வு. முதலாவதுக்கு மட்டும் ஆம் என்றால் சந்தா. இரண்டுக்கும் இல்லை என்றால், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கத் தயாராகிக்கொள்ளலாம்.

அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தால்

காலண்டர் ஃபைலின் பெயர் ‘ஐசிஎஸ்’ என்று முடியும். கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒன்றும் ஆகாது. வெறும் எழுத்துதான். தொடக்க நேரம் ஒரு வரி, முடியும் நேரம் ஒரு வரி, தலைப்பு ஒரு வரி, இடம் ஒரு வரி. அஞ்சல் அட்டை மாதிரி இருக்கும். இந்த வடிவத்துக்கு ஐகாலண்டர் என்று பெயர். லோட்டஸ், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களைச் சேர்ந்த இருவர் எழுத, 1998இல் பொதுவான தரமாக வெளியானது. 2009இல் திருத்தப்பட்டது. கூகுள் காலண்டர் வந்ததே 2006இல்தான். போட்டி நிறுவனங்களின் ஆப்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்குக் காரணம் இந்தப் பழைய எழுத்து வடிவம்தான். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் ஒத்திசைவுக்கு கால்டேவ் என்ற தனி நெறிமுறை, அதாவது ஃபோனும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான விதிகள், 2007இல் வந்தது.

அந்த ஃபைலில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, ஒவ்வொரு நிகழ்வுக்கும் உள்ள தனி அடையாள எண். ஆதார் எண் மாதிரி. தலைப்பு மாறலாம், தேதி மாறலாம், எண் மாறாது. ‘அந்த மீட்டிங்தான் இது’ என்று அழைப்பைப் பெற்றவரின் ஆப் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

இன்னொன்று, மீண்டும் வரும் விதி. ‘செவ்வாய்தோறும் பாட்டு வகுப்பு’ என்று நீங்கள் போட்டால் உள்ளே வருடத்துக்கு 52 நிகழ்வுகள் எழுதப்படுவதில்லை. ஒரே நிகழ்வு, கூடவே ‘வாரந்தோறும், செவ்வாய்’ என்று ஒரு விதி. மற்றதெல்லாம் ஆப் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவது. அதனால்தான் ஒரு செவ்வாயை மாற்றப் போனால் ‘இது மட்டுமா, இனி வருபவையுமா, எல்லாமா?’ என்று கேட்கிறது. ‘எல்லாம்’ என்று அழுத்தினால் விதியே மாறும், நடந்து முடிந்த வகுப்புகளும் இடம் மாறித் தெரியும். எரிச்சலில் எதையாவது அழுத்திவிடாமல் ஒரு நொடி நின்று படிக்க வேண்டிய இடம் இது.

அப்புறம் இந்த இரட்டைப் பதிவுத் தொல்லை. தீபாவளி திரையில் மூன்று தடவை தெரிகிறதா? பெரும்பாலும் ஒரே விடுமுறைப் பட்டியல் மூன்று கணக்குகளில் சந்தாவாக இருக்கும். நிகழ்வை அழிக்க முயலாதீர்கள், நோட்டீஸ் போர்டில் எழுதியதை நீங்கள் அழிக்க முடியாது. இரண்டு சந்தாக்களை மறைத்தால் போதும்.

நேரம் ஏன் நழுவுகிறது

எங்கள் டீமுக்கு நியூயார்க்கில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. வாராந்தர ஆன்லைன் மீட்டிங் அவர்களுக்குக் காலை 9:30. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 8 மணி. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அடுத்த நாள் முதல் அதே 9:30 நமக்கு இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அப்படியே. இந்தியாவில் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்பதால் காலண்டர்தான் தப்பாகக் காட்டுகிறது என்று வருடாவருடம் ஒருவராவது சொல்வார்.

காலண்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஒரு நிகழ்வு ‘9:30’ என்று மட்டும் எழுதப்படுவதில்லை, ‘நியூயார்க் நேரம் 9:30’ என்று எழுதப்படுகிறது. இந்த ஊர்க் குறிப்புக்கு நேர மண்டலம் என்று பெயர். நம் எல்லோருக்கும் அது ‘ஆசியா/கொல்கத்தா’. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஏன் கொல்கத்தா என்று சிலருக்குக் கோபம் வரும். உலகம் முழுக்கப் பயன்படும் பட்டியலில் இந்தியாவுக்கு அந்தப் பெயர்தான், பழைய ஃபைல்களில் ‘கல்கத்தா’ என்றும் பார்க்கலாம். நிகழ்வை உருவாக்கியவர் எந்த மண்டலத்தில் உருவாக்கினாரோ அங்கே நேரம் நிலையாக இருக்கும், மற்ற ஊர்களில்தான் நகரும். அந்த மீட்டிங்கை நாம் இங்கிருந்து இரவு 8 என்று போட்டிருந்தால், மார்ச்சில் நகர்வது அவர்கள் பக்கம். லண்டன் வேறு மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும் என்பதால், மூன்று ஊர்க்காரர்கள் இருக்கும் மீட்டிங்குக்கு மார்ச் மாதம் ஒரு சோதனைதான்.

பிறந்தநாளை இரவு 12 முதல் 11:59 வரை என்று போடாமல் ‘முழுநாள்’ என்று போடச் சொல்வதும் இதனால்தான். முழுநாள் நிகழ்வுக்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை, எந்த ஊருக்குப் போனாலும் அதே தேதி. நேரம் குறித்துப் போட்டால், நியூயார்க்கில் இருக்கும் தம்பிக்கு உங்கள் மகளின் பிறந்தநாள் முந்தைய நாள் மத்தியானமே தொடங்கிவிடும்.

எத்தனை வேண்டும்

என் கணக்கில் எழுதக்கூடிய காலண்டர்கள் மூன்று போதும்: ஆபீஸ், என்னுடையது, குடும்பம். ஜிம்முக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, தண்ணீர் குடிப்பதற்கு ஒன்று என்று பத்து வைத்திருந்தேன் ஒரு காலத்தில். எதில் போடுவது என்று யோசிப்பதிலேயே சலிப்பு வந்தது. யார் பார்க்க வேண்டும் என்பது மாறினால் மட்டும் புதுக் காலண்டர் என்பதுதான் இப்போது என் விதி. ஜிம்மையும் புத்தகத்தையும் பார்ப்பது நான் ஒருவன்தான், ஒரே காலண்டர் போதும். பார்க்க மட்டுமான சந்தாக்கள் இதற்கு மேல் எத்தனை இருந்தாலும் பாதகமில்லை.

கஷ்டம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான். மாலை 4 மணிக்குப் பல் டாக்டர். இது என் காலண்டரில் இருக்கிறது, ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்வையில் 4 மணிக்கு நான் சும்மா இருக்கிறேன், மீட்டிங் போடுவார்கள். என் சொந்தக் காலண்டர் முழுவதையும் ஆபீஸ் கணக்கோடு பகிர எனக்கு மனமில்லை. ஆபீஸ் கணக்கு நிறுவனத்தின் சொத்து, வேலையை விட்டால் அதோடு போய்விடும். பல நிறுவனங்களில் வெளிக் கணக்குகளுக்குப் பகிரவும் விடமாட்டார்கள்.

இங்கேதான் நான் சொன்ன அழைப்பு உதவுகிறது. நிகழ்வை என் சொந்தக் காலண்டரில் உருவாக்கி, என் ஆபீஸ் மின்னஞ்சலையும் அதில் விருந்தாளியாகச் சேர்த்துவிடுகிறேன். எனக்கு நானே பத்திரிகை வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் ஆபீஸ் கணக்கில் அதை ஏற்றுக்கொண்டதும் 4 முதல் 5 வரை ‘வேலை’ என்று தெரிகிறது. டாக்டர் 5 மணிக்கு மாற்றினால் ஒரே இடத்தில் மாற்றுகிறேன், இரண்டு பக்கமும் மாறுகிறது. தலைப்பு ஆபீஸ் பக்கமும் போகும் என்பதால் ‘வெளி வேலை’ என்று மட்டும் எழுதி, ஆபீஸ் பக்கத்தில் ‘தனிப்பட்டது’ என்று குறித்துவிடுவேன். பைல்ஸ் நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் தாமதமாக.

ஓர் எச்சரிக்கை. கூகுள் காலண்டர் அமைப்புகளில் ‘ரகசிய முகவரி’ என்று ஒன்று உண்டு. உங்கள் காலண்டரை வேறு ஆப்பில் சந்தாவாகப் பார்க்க அது பயன்படும். அந்த முகவரி கிடைத்தவர் யாராக இருந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் நிகழ்வுகளைப் படிக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பொருள் அல்ல அது. தெரியாமல் கொடுத்துவிட்டால் அதே இடத்தில் புது முகவரிக்கு மாற்றிவிடலாம், பழையது செல்லாது.

மணி யாருக்கு அடிக்கும்

குடும்பக் காலண்டரில் ‘வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க’ என்று போட்டு, ஒரு நாள் முன்னால் நினைவூட்டு என்றும் வைத்தேன். எனக்கு அடித்தது. மனைவிக்கு அடிக்கவில்லை. கூகுள் காலண்டரில் நிகழ்வு பொதுவானது, மணி அவரவருடையது. பகிரப்பட்ட காலண்டருக்கு அவரவர் ஃபோனில் அவரவர் நினைவூட்டலை வைத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் ‘நான்தான் போட்டிருந்தேனே!’, ‘எனக்கு வரவே இல்லையே!’ இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

அம்மாவின் காலண்டர்

ஊரில் அம்மாவின் சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடையில் கொடுத்தது, சிவகாசியில் அச்சானது. ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் என்று ஒரு தாளில் இருக்கும் தகவல் என் ஆப்பில் இல்லை. ராகு காலத்தையாவது சேர்த்துவிடலாம். அந்தக் காலண்டரில் திங்கள் என்றால் 7:30 முதல் 9 என்று வாரந்தோறும் ஒரே மாதிரிதான் அச்சாகிறது, மீண்டும் வரும் விதிக்கு அல்வா மாதிரி. தாத்தாவின் திதிதான் அடங்காது. தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றும் சேர்ந்து வருகிற நாள் அது. ஆங்கிலத் தேதியில் ஒவ்வொரு வருடமும் வேறு இடத்தில் விழும். நான் பயன்படுத்தும் ஆப்களில் இருப்பது தினம், வாரம், மாதம், வருடம் என்ற விதிகள் மட்டும். ‘ஆண்டுதோறும்’ என்று போட்டு வைத்தால் அடுத்த வருடமே தப்பான நாளில் மணி அடிக்கும்.

அதனால் ஜனவரியில் புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் தாளாகத் தள்ளித் தேதியைக் கண்டுபிடித்து ஃபோன் செய்வார். நான் குடும்பக் காலண்டரில் முழுநாள் நிகழ்வாக, மீண்டும் வரும் விதி எதுவும் இல்லாமல், ஒரு வாரம் முன்னால் ஒரு மணியும் முந்தைய நாள் ஒரு மணியும் வைத்துப் போடுவேன்.

“போட்டுட்டியா?”

“போட்டாச்சும்மா.”

“சரி. எதுக்கும் அன்னைக்குக் காலைல நான் ஒரு ஃபோன் பண்றேன்.”